ஹெட்ஃபோனில் சத்தம் குறைந்தால்: கோளாறு கருவியிலா, காதிலா?

மலேசியாவில், பெயர்ப்பலகை பெஸ்தாரி ஜெயா என்று சொன்னாலும் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் எங்கள் பட்டணத்தில், கடைவரிசையின் கடைசியில் கைப்பேசி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றை நடத்திவருகிறேன். தோட்டத்திலும் ஆலையிலும் வேலை முடிந்து வருபவர்கள், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய இயர்ஃபோன் மூன்றாம் நாளே ஊமையாகிவிட்டது என்று வருபவர்கள் எனப் பலரும் கொண்டுவருவது ஏறக்குறைய ஒரே ஏழெட்டுக் கோளாறுகள்தான். அவற்றில் பாதிக்கு என்னிடம் வரவே தேவையில்லை. வேறு சிலவற்றுக்கு என்னிடம் வருவதால் பயனில்லை. அவர்கள் போகவேண்டிய இடம் கிளினிக். உங்களுக்கு எந்த அறிகுறி இருக்கிறதோ அந்தத் தலைப்பை மட்டும் படித்தால் போதும், ஆனால் முதல் சோதனையை யாரும் தாண்டிப் போகவேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: இடம் வலம் மாற்றிப் போடுங்கள்

ஹெட்ஃபோனைக் கழற்றி, இடப்பக்கத்தை வலக்காதிலும் வலப்பக்கத்தை இடக்காதிலும் வைத்து, அதே ஒலியை அதே அளவில் கேளுங்கள். காதுக்குள் பொருந்தும் இயர்பட் என்றால் மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது. பத்து வினாடி கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். இந்தச் சோதனைக்குப் புதுப் பாடல்களைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் ஒரு கருவி இடப்பக்கம் மட்டும், இன்னொன்று வலப்பக்கம் மட்டும் என்று பிரித்தே வைத்திருப்பார்கள். மின்னல் எஃப்எம் செய்தி வாசிப்பவரின் குரலோ 1950களின் பாடலோ இரு பக்கமும் ஒரே அளவில் வரும் என்பதால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

குறை ஹெட்ஃபோனோடு சேர்ந்து அடுத்த காதுக்கு நகர்ந்தால், கோளாறு கருவியிலோ கைப்பேசியிலோ இருக்கிறது. ஹெட்ஃபோன் மாறியும் குறை அதே காதில் தங்கிவிட்டால், கோளாறு காதில் இருக்கிறது. நேரே இக்கட்டுரையின் கடைசி இரண்டு தலைப்புகளுக்குப் போய்விடுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செம்பனை எண்ணெய் ஆலையில் எஞ்சின் அறைப் பக்கம் வேலை செய்யும் ஒருவர் மூன்று மாதத்தில் மூன்று ஹெட்ஃபோன் வாங்கினார். மூன்றையும் வரிசையாக என் மேசையில் அடுக்கி, "அண்ணே, இப்ப வர்ற சாமான் எல்லாமே லெப்ட் சைடு வீக்கா இருக்கு, என்ன செய்யறது?" என்று கேட்டார். மல்டிமீட்டரில் மூன்றுக்கும் இரு பக்கமும் ஒரே அளவு. மாற்றிப் போடச் சொன்னேன். மூன்றாவதையும் மாற்றிப் போட்டபின் அவர் எதுவும் பேசவில்லை, இடக்காதை ஒருமுறை கையால் பொத்தித் திறந்து பார்த்துக்கொண்டார். அதற்குமுன் இரண்டுமுறை அவரிடம் நானே இயர்ஃபோனை விற்றிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாற்றிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அன்றுதான்.

குறை கருவியில்தான் என்று தெரிந்தால், அதே ஹெட்ஃபோனை வேறொரு கைப்பேசியில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியாகக் கேட்டால் உங்கள் கைப்பேசியின் அமைப்பிலோ துளையிலோ சிக்கல், அங்கேயும் அப்படியே இருந்தால் ஹெட்ஃபோனில் சிக்கல்.

## ஒரு பக்கம் மட்டும் குறைவாகக் கேட்கிறது, அல்லது கேட்கவே இல்லை

செலவில்லாத காரணம் ஒலிச் சமநிலை. கைப்பேசியின் அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதிக்குள் இடம், வலம் என்று ஒரு நகர்த்தும் கோடு இருக்கும். பிள்ளைகள் கைப்பேசியை வாங்கி விளையாடும் வீடுகளில் அது நடுவிலிருந்து விலகியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நடுவுக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

அடுத்தது காதழுக்கு. இயர்பட்டின் வாயிலுள்ள சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ மெழுகு படிந்திருந்தால், அந்தப் பக்கத்துச் சத்தம் பாதியாகக் குறைவது இயல்பே. ரப்பர் முனையைக் கழற்றித் தனியே சோப்பு நீரில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். சல்லடையைத் தரையைப் பார்த்தபடி கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த மென்மையான பல்துலக்கியால் மெதுவாகத் தட்டித் துலக்குங்கள்; நிமிர்த்திப் பிடித்துத் துலக்கினால் அழுக்கு உள்ளே போய்விடும். சுவரில் தாள் ஒட்டப் பயன்படும் களிமண் போன்ற ஒட்டுப்பசையை அழுத்தி எடுத்தாலும் மெழுகு அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஊசி, பின், ஊக்கு எதையும் உள்ளே விடாதீர்கள். சல்லடை ஓட்டையாகி, அதற்குப் பின்னாலுள்ள மெல்லிய தகடும் கிழிந்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை.

கம்பியுள்ள ஹெட்ஃபோன் என்றால், கைப்பேசித் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிபவர்களுக்கு உள்ளே துணிப்பஞ்சு அடைந்து இறுகியிருக்கும், ஹெட்ஃபோன் கம்பி முனையிலுள்ள செருகி, அதாவது ‘பின்’, முழுமையாக உட்காராது. கைப்பேசியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் முனையைச் சீவி மெல்லியதாக்கி அந்தப் பஞ்சை வெளியே இழுங்கள். டைப்-சி துளையிலும் இதே முறைதான், ஆனால் நடுவிலுள்ள நாக்குப் போன்ற பகுதியைத் தொடாமல் ஓரத்தை மட்டும் சுரண்டவேண்டும்.

இதற்குப் பின்னும் சரியாகவில்லையென்றால் கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். செய்தியை ஓடவிட்டு, பின்னிலிருந்து தொடங்கி விரற்கடை விரற்கடையாகக் கம்பியை இரு பக்கமும் வளைத்துக்கொண்டே போங்கள். சத்தம் வந்து வந்து போகும் இடம்தான் முறிவு. பின்னின் கழுத்திலோ, கம்பி இரண்டாகப் பிரியும் இடத்திலோதான் பெரும்பாலும் இருக்கும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இடப்பக்கத்துக்குப் பின்னின் நுனிக்கும் பொது வளையத்துக்கும் இடையே, வலப்பக்கத்துக்கு நுனியை அடுத்த வளையத்துக்கும் பொது வளையத்துக்கும் இடையே ஓம் அளந்து பார்க்கலாம் (பொது வளையம் மைக் இல்லாததில் அடிவளையம், மைக் உள்ளதில் பெரும்பாலும் அதற்கு மேலுள்ளது): சாதாரண இயர்ஃபோன்களில் 16 அல்லது 32 ஓம் அருகே இரு பக்கமும் ஒரே அளவு காட்டும், மீட்டர் முனை படும்போது காதில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தமும் கேட்கும். ஒரு பக்கம் எண்ணே வராவிட்டால் அந்தப் பக்கக் கம்பி அறுந்திருக்கிறது.

பின்னை வெட்டிப் புதுப் பின் வைப்பது பத்துப் பதினைந்து வெள்ளி வேலை. வீட்டிலேயே சால்டர் செய்ய முயல்பவர்களில் பலர் தோற்றுப்போவது ஓரிடத்தில்தான். உள்ளிருக்கும் முடி போன்ற கம்பிகள்மீது நிறமுள்ள பூச்சு இருக்கிறது. அதை முதலில் ஈயத்துளியில் முக்கிச் சூட்டில் எரித்து நீக்காவிட்டால், ஈயம் ஒட்டியதுபோல் தெரிந்தாலும் மின்சாரம் போகாது. பெரும்பாலும் சிவப்பு வலப்பக்கம், பச்சை அல்லது நீலம் இடப்பக்கம், செம்பு நிறம் இரண்டுக்கும் பொது. பத்து வெள்ளி இயர்ஃபோனுக்குப் பதினைந்து வெள்ளிக்குப் பின் மாற்றுவதில் பொருளில்லை என்று நானே திருப்பி அனுப்பிவிடுவேன்; நல்ல ஹெட்ஃபோனுக்கு மாற்றலாம்.

கம்பியில்லாத இயர்பட் ஒரு பக்கம் ஊமையானால், அது சார்ஜே ஆகாமல் இருக்கலாம். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்டுப் பட்டு, பெட்டிக்குள்ளிருக்கும் பொன்னிற முனைகளிலும் இயர்பட்டின் புள்ளிகளிலும் பச்சைக் களிம்பு பிடித்துவிடுகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் சிறிது தொட்டு இரண்டையும் துடையுங்கள். பிறகு கைப்பேசியின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை நீக்கி, இரண்டு இயர்பட்டையும் பெட்டியில் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன முறையில் மீட்டமைத்து, மறுபடி இணையுங்கள். அதற்கும் அசையாமல், வாங்கி இரண்டு மூன்று ஆண்டும் ஆகியிருந்தால், அந்தப் பக்கத்து மின்கலம் முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். அவ்வளவு சிறிய மின்கலத்தை மாற்றும் கூலியைவிடப் புதிது மலிவு. இயர்பட்டோ பெட்டியோ உப்பியிருந்தாலும் சார்ஜ் ஆகும்போது கை பொறுக்காத சூடு வந்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள். அதைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம்.

## இரண்டு பக்கமும் சத்தம் போதவில்லை

முதலில் வரம்பைப் பாருங்கள். ஐஃபோனில் ‘ஒலிகள்’ பகுதிக்குள் ‘ஹெட்ஃபோன் பாதுகாப்பு’ என்ற இடத்தில் உரத்த ஒலியைக் குறைக்கும் வசதி 75 முதல் 100 டெசிபெல் வரை வைக்கக்கூடியதாக இருக்கிறது. சாம்சங் கைப்பேசிகளில் ஊடக ஒலியளவு வரம்பு என்று ஒன்று உண்டு. வேறு யாரோ வைத்துவிட்டு மறந்த வரம்பாக இருந்தால் உங்கள் விருப்பம். பிள்ளைக்காகப் பெற்றோர் வைத்த வரம்பு என்றால் நான் எடுத்துவிட மாட்டேன், எத்தனை முறை தம்பி கெஞ்சினாலும்.

ஆண்ட்ராய்டில் ப்ளூடூத் வழியாக மட்டும் சத்தம் குறைந்தால், கைப்பேசியின் ஒலியளவும் ஹெட்ஃபோனின் ஒலியளவும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கலாம். இரண்டிலும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே நகர்ந்து, உச்சத்திலும் போதவில்லையென்றால், ‘கட்டமைப்பு எண்’ என்பதை ஏழுமுறை தட்டித் திறக்கும் மேம்பாட்டாளர் பகுதியில், முழுமையான ஒலியளவை முடக்கும் தேர்வு ஒன்று இருக்கும். அதை மாற்றியபின் முதன்முறை கேட்கும்போது ஒலியளவை அடிமட்டத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சிலவேளை திடீரென்று காதைப் பிளக்கும்.

டைப்-சி மாற்றி வழியாகக் கேட்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். சில மாற்றிகளுக்குள் ஒலியை மாற்றும் சில்லு இருக்கிறது, சிலவற்றுக்குள் வெறும் கம்பி மட்டுமே. வெறும் கம்பி மாற்றி எல்லாக் கைப்பேசியிலும் வேலை செய்யாது, சில்லுள்ள மாற்றியும் வேறு நிறுவனத்தின் கைப்பேசியில் பாதிச் சத்தமே கொடுக்கலாம். வாங்குவதற்குமுன் கடையிலேயே உங்கள் கைப்பேசியில் செருகிக் கேட்டுவிடுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், சுற்றியுள்ள இரைச்சலைப் பாருங்கள். பேருந்திலும் ஆலையின் ஓய்வறையிலும் போதாத சத்தம் இரவு பதினோரு மணிக்கு வீட்டில் மிகையாகிறதென்றால், ஹெட்ஃபோன் நலமாகத்தான் இருக்கிறது. இதற்கு மருந்து ஒலியளவைக் கூட்டுவதல்ல, வெளியிரைச்சலை அடைப்பது: காதுக்கு அளவான ரப்பர் முனை, அல்லது நுரை முனை, அல்லது வெளியிரைச்சலைக் குறைக்கும் வகை ஹெட்ஃபோன்.

## காலையில் சரியாக இருக்கிறது, வேலை முடிந்து வந்தால் குறைகிறது

எங்கள் பக்கத்துக்கே உரிய அறிகுறி என்று இதைச் சொல்லலாம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் போடப்பட்ட ‘தென்னமரம்’ என்ற இடம் இங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. அன்று தொட்டுச் செம்பனையும் ஆலையும் எங்கள் ஊரின் பிழைப்பு. எஞ்சின் அறை, பழத்தை நசுக்கும் பிரஸ், பருப்பு உடைக்கும் பகுதி, தோளில் மாட்டிய புல்வெட்டும் இயந்திரம் என எதுவானாலும், அதன் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவரின் காது அன்று மாலை மந்தமாகவே இருக்கும். அவர் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, சத்தம் இல்லையென்று கூட்டுகிறார்.

சோதனை எளிது. மாலை வேலை முடிந்து வந்ததும் ஒரு செய்தி வாசிப்பைப் புரிந்துகொள்ளப் போதுமான அளவில் ஒலியளவை வைத்து, எத்தனையாவது படி என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன், அதே அறையில் அதே படியில் கேளுங்கள். காலையில் அது உரக்க ஒலித்தால், மாலையில் குறைந்தது ஹெட்ஃபோன் அல்ல. ஒருநாள் அப்படி இருந்தால் ஓய்வில் சரியாகலாம். வாரம் முழுதும் அப்படியே இருந்தால், வேலையிடத்து இரைச்சல் உங்கள் காதைத் தின்றுகொண்டிருக்கிறது, நீங்கள் மாலையில் கூட்டும் ஒலியளவு அதற்குத் துணை போகிறது.

இங்கே சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 2019-இல் வந்த வேலையிட இரைச்சல் விதிகளின்படி, ஒரு நாளின் இரைச்சல் 82 டெசிபெலைத் தாண்டினாலே அது மிகை இரைச்சல். எட்டு மணி நேரக் கணக்கில் வரம்பு 85 டெசிபெல். அதற்குமேல் இரைச்சலில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் கேட்புச் சோதனை செய்யவேண்டியது முதலாளியின் கடமை. கடைசியாக எப்போது சோதனை நடந்தது, அதன் முடிவு என்ன என்று மேலாளரிடம் கேளுங்கள். இரைச்சலால் வந்த செவித்திறன் இழப்பு தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று: காதுறைக்குள் இயர்பட்டை ஒளித்துவைத்துப் பாட்டுக் கேட்பவர்கள் உண்டு. இரைச்சலை வெல்லப் பாட்டைக் கூட்டவேண்டியிருக்கும், அதனால் இரண்டும் சேர்ந்துதான் காதைத் தாக்கும். வெளியிரைச்சலைக் குறைக்கும் இயர்பட் வேலையிடப் பாதுகாப்புக்கு அங்கீகரிக்கப்பட்ட காதடைப்பானுக்கு ஈடாகாது.

## பாடகரின் குரல் காணவில்லை, இசை மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிறது

கேட்பவருக்குப் பேய் பிடித்ததுபோல் தோன்றும் இந்தக் கோளாறுதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் பார்க்காமலேயே காரணம் சொல்லிவிடலாம். கம்பியுள்ள ஹெட்ஃபோனில் இரு பக்கத்துக்கும் பொதுவான இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அப்போது இரு பக்கத்திலும் ஒரே அளவில் வரும் குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, பக்கத்துக்குப் பக்கம் வேறுபடும் வாத்தியங்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

பின்னை ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். தடித்த கைப்பேசி உறை தடுக்கிறதா என்று உறையைக் கழற்றிப் பாருங்கள். சரியாகவில்லையென்றால் துளையிலுள்ள பஞ்சை மேலே சொன்னபடி எடுங்கள். பிறகு, மைக்கோடு வந்த இயர்ஃபோன் என்றால், அதன் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள்: பிடித்திருக்கும்வரை குரல் திரும்பி வந்தால், அந்தப் பின்னின் வளைய அமைப்பும் உங்கள் கருவியின் அமைப்பும் வேறு வேறு, பழைய இயர்ஃபோன்களில் இது உண்டு, அதற்கென்று விற்கும் சிறு மாற்றி போதும். எதற்கும் குரல் வராவிட்டால் பொதுக் கம்பி அறுந்திருக்கிறது, பின்னை மாற்றவேண்டும்.

## கரகரப்பு, உறுமல், உடைந்த ஒலி

எல்லாப் பாட்டிலும் பேஸ் வரும்போது மட்டும் உடைகிறதென்றால், ஈக்வலைசரில் பேஸைக் கூட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். உறுமி மேளப் பதிவுகளைக் கேட்பவர்கள் எல்லாருமே கூட்டி வைத்திருப்பார்கள். ஈக்வலைசரை அணைத்துக் கேளுங்கள். பேஸ் அவசியம் வேண்டுமானால் பேஸைக் கூட்டாமல் மற்றவற்றைக் குறைத்து, பிறகு மொத்த ஒலியளவைச் சற்றுக் கூட்டினால் ஒலி உடையாது.

ஒரே பாட்டில் மட்டும் கரகரத்தால் பதிவுதான் மோசம். குழுக்களில் பத்துக் கை மாறி வந்த பாட்டுக் கோப்பை எந்த ஹெட்ஃபோனும் நன்றாக்காது.

குறைந்த ஒலியளவிலும் ஒரு பக்கம் சரசரத்தால், சல்லடை வழியாக ஒரு தலைமுடி உள்ளே போய்த் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். காதை மூடும் பெரிய ஹெட்ஃபோனில் மெத்தையைக் கழற்றிப் பார்த்து, மெல்லிய இடுக்கியால் எடுத்துவிடலாம். இயர்பட்டில் முடியாது. முடி ஏதும் இல்லாமல் சரசரத்தால் தகடு கிழிந்துவிட்டது.

சார்ஜ் ஏறும்போது மட்டும் ‘ஙீ’ என்ற உறுமல் வருகிறதென்றால், சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் குற்றம் சார்ஜருடையது. உறுமலோடு காதிலோ விரலிலோ சுருக்கென்று மின்சாரம் தைப்பதுபோல் இருந்தால், அந்தச் சார்ஜரை அன்றே குப்பையில் போடுங்கள்; தரச்சான்றான சிரிம் ஒட்டுவில்லை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். எதுவானாலும் கம்பி ஹெட்ஃபோனைக் காதில் வைத்தபடி சார்ஜ் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். நான் என் வீட்டில் இதை அனுமதிப்பதில்லை.

## ஒலி தகர டப்பாவில் வருவதுபோல் இருக்கிறது

பாட்டு நன்றாக இருந்து, அழைப்பிலோ விளையாட்டிலோ மட்டும் தகர ஒலியாக மாறினால், அது பழுதல்ல. ப்ளூடூத் ஹெட்ஃபோனின் மைக் திறந்தவுடன் பல கருவிகளில் ஒலி தாழ்ந்த தரத்துக்கு இறங்கிவிடும். கணினியில் இணையவகுப்புக்கு உட்காரும் பிள்ளைகள், மைக்குக்குக் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் ஹெட்ஃபோனில் ஒலி பழையபடி வந்துவிடும்.

எப்போதுமே பேஸ் இல்லாமல் மெலிந்து ஒலித்தால், காதுமுனை பொருந்தவில்லை. பெட்டியில் வரும் மூன்று அளவுகளில் நடு அளவுதான் எல்லாரும் போட்டுக்கொள்வது. பெரியதைப் போட்டு, மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தபடி செருகிப் பாருங்கள். பேஸ் திரும்பும், ஒலியளவையும் இரண்டு மூன்று படி குறைக்கலாம். இரு காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் இயல்புதான்.

## ப்ளூடூத் விட்டுவிட்டுக் கேட்கிறது

கைப்பேசியைப் பின்பையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வையுங்கள். உடல் அலையைத் தடுக்கும். வைஃபை பெட்டியின் அருகில் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டால், இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதுகின்றன, வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் இணைப்பை நீக்கி மறுபடி இணைத்துப் பாருங்கள்.

## மாதத்துக்கு மாதம் ஒலியளவைக் கூட்டவேண்டியிருக்கிறது

சல்லடையில் மெழுகு இல்லை, முனை பொருந்துகிறது, சுற்றிலும் இரைச்சல் இல்லை, ஆனாலும் சென்ற ஆண்டு பத்தாம் படியில் கேட்டதற்கு இப்போது பதின்மூன்று தேவைப்படுகிறது என்றால், வேறு ஹெட்ஃபோன் வாங்காதீர்கள்.

அளவு பார்ப்பதற்குக் கருவி தேவையில்லை. அமைதியான அறையில் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு வழக்கமாகக் கேட்கும் அளவில் பாட்டை ஓடவிடுங்கள்; ஒரு கை தூரத்தில் நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லையென்றால் அது மிகை. ஒலியளவை உச்சத்தில் 60 விழுக்காட்டுக்குமேல் கூட்டவேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபெல், பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரம் 75 டெசிபெல் என்பது அவர்கள் தரும் கணக்கு. ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிறது. ஆகவே வாரம் 40 மணி நேரம் என்பது 83 டெசிபெலில் 20 மணி நேரமாகி, 89 டெசிபெலில் 5 மணி நேரமாகிவிடும். அது இரண்டு மூன்று நாள் பேருந்துப் பயணத்துக்கே சரியாகிவிடும். ஐஃபோனில் கட்டுப்பாட்டு மையத்துக் காதுச் சின்னம், கேட்டுக்கொண்டிருக்கும்போதே டெசிபெலைக் காட்டும். வேறு நிறுவன ஹெட்ஃபோனில் அது தோராயக் கணக்கு என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

அளவைக் குறைத்து இரண்டு வாரம் பார்த்தும், வீட்டார் பேசுவதை இரண்டாம்முறை கேட்கவேண்டியிருந்தால், அல்லது தொலைக்காட்சியை மற்றவர்களுக்கு எரிச்சல் வரும் அளவுக்குக் கூட்டினால், அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவர் காதுக்குள் பார்த்து, தேவையானால் பெரிய மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். என் மேசையில் மூன்று ஹெட்ஃபோனை அடுக்கியவர் அந்த வழியில்தான் போனார். இப்போது ஆலையில் காதுறையைக் கழற்றுவதில்லை, ஹெட்ஃபோனும் வாங்கவில்லை.

## காதில் அடைப்பு, அரிப்பு, ரீங்காரம்

ஒரு காது அடைத்தாற்போல் இருந்து, வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று முனகும்போது அந்த அடைத்த காதிலேயே ஒலி உரக்கக் கேட்டால், பெரும்பாலும் காதழுக்கு அடைத்திருக்கிறது. இயர்பட்டே அழுக்கை உள்ளே தள்ளி இறுக்கியிருக்கும். பஞ்சுக்குச்சி, தீக்குச்சி, கொண்டையூசி, எங்கள் பாட்டிமார் கைவைத்தியமான கோழி இறகு எதையும் உள்ளே விடவேண்டாம். கிளினிக்கில் சில நிமிட வேலை அது. முனகல் நன்றாகக் கேட்கும் காதில்தான் உரக்க ஒலிக்கிறதென்றால், அது அழுக்கு அல்லாமல் இருக்கலாம்; அதைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அரிப்பும் ஈரக்கசிவும் நாற்றமும் இருந்தால், ஈரக்காதில் இயர்பட்டைச் செருகியதால் வந்த பூஞ்சையாக இருக்கலாம். குளித்தவுடன் போடுவது, ஒரே இயர்பட்டை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிப் போடுவது இரண்டும் இதற்கு வழி. மருந்து முடியும்வரை இயர்பட் வேண்டாம், எண்ணெயும் காய்ச்சி ஊற்றவேண்டாம்; செவிப்பறையில் ஓட்டை இருந்தால் கேடு.

கோயில் திருவிழாவில் உறுமி மேளத்தின் அருகில் நின்றபின்னோ, இரவெல்லாம் ஹெட்ஃபோனில் கேட்டபின்னோ ‘கொய்ங்’ என்று ஒலித்தால், அன்று இரவும் மறுநாளும் எந்த ஹெட்ஃபோனையும் தொடாதீர்கள். ஒரு நாளுக்குள் அடங்கிவிட்டால் அதைக் காதின் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு அளவைக் குறையுங்கள். இரண்டு நாளாகியும் அடங்கவில்லையென்றால் கிளினிக். நாடித்துடிப்போடு சேர்ந்து ஒலித்தாலும், ஒரு காதில் மட்டும் விடாமல் ஒலித்தாலும், தலைச்சுற்றல் சேர்ந்தாலும் இரண்டு நாள் பொறுக்கவேண்டாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது, காலையில் எழுந்திருக்கும்போதோ திடீரென்று ஒரு நொடியிலோ ஒரு காது கேட்காமல் போவது. ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்து, ‘இந்தப் பக்கம் போச்சு’ என்று என் கடைக்கு வந்தவர்களும் உண்டு. வலியில்லை, அழுக்காகத்தான் இருக்கும் என்று நினைத்து நாள் கடத்திவிடுவார்கள். இதற்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்துக் காதை மீட்கும் வாய்ப்பு முதல் சில நாள்களில்தான் அதிகம். இரண்டு வாரம் கடந்தால் வெகுவாகக் குறைந்துவிடும். மாற்றிப் போட்டும் குறை அதே காதில் தங்கி, அது நேற்று இல்லாத குறையாகவும் இருந்தால், அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், ‘நேற்றுவரை கேட்டது, இன்று கேட்கவில்லை’ என்று அதே சொற்களில் சொல்லுங்கள்.